குடையும் தருகிறோம் என்றார்கள்!

"மக்கள் விலையைத்தான் பார்ப்பார்கள், வேறெதையும் பாரார்கள்!" கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலின் துயரைப் பேசத் தொடங்கினாலே இந்தப் பாடத்தை நடத்துகின்றனர் சில மேதைகள். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். இதைக் கற்காமல் வந்ததற்கு வருந்தவில்லை.

கரிசல் பூமியை அறிவீர், தோழரே! வானம் பொய்த்தால் பருத்தியும் பொய்க்கும், கம்பும் பொய்க்கும். நிலம் கைவிட்ட வீடுகளில் உலை கொதிக்க வைத்தது தீக்குச்சி. அத்தொழிலின் கழுத்தை மலிவு லைட்டர் நெரித்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதிக்கு 2023இல் மத்திய அரசு தடை விதித்தது. தடை வேண்டியதே. ஆனால், வாங்குவோனின் நெஞ்சைத் தட்டிப் பயனில்லை, அங்கே பணப்பையன்றி வேறில்லை என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்!

இதே கரிசல் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். பங்கு ஒன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000. வெள்ளையன் கம்பெனி சும்மா இருக்குமா? கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. குறைத்தும் பயனில்லை, காசே வேண்டாம், ஏறுங்கள் என்றது. குடையும் இலவசம் என்றதாகக் கூறுவர். மேதைகளின் கணக்குப்படி சுதேசிக் கப்பல் அன்றே வெறிச்சோடியிருக்க வேண்டும். சோடவில்லையே! காசு கொடுத்து நம் கப்பலில் ஏறினான் தமிழன்.

1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதை இகழ்ந்த வழக்கறிஞருக்குப் பாதி முகத்தோடு சவரத்தை நிறுத்தி எழுந்துவிட்டாராம் ஒரு நாவிதர். நாடகம் எழுதும் எனக்கு இப்படியொரு காட்சி இன்றுவரை வாய்க்கவில்லை. அன்றாடம் காய்ச்சி அவர். கூலி போகுமென்று தெரியாதவரா?

"கம்பெனி மூழ்கிவிட்டதே!" என்பீர். ஆம், 1911இல் கலைக்கப்பட்டது. ஆனால் முதலில் ஓடியவர் யார்? டிக்கெட் வாங்கிய ஏழையா? 1908இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள், அஞ்சி நடுங்கியது நிர்வாகம், கப்பல்கள் விற்கப்பட்டன. இலாபக் கணக்கு தெரிந்தவர்களே கைகழுவினர்.

நாளை பெட்டிக்கடையில் லைட்டரை நீட்டினால், "கோவில்பட்டித் தீப்பெட்டி இல்லையா?" என்று கேளுங்கள். லைட்டர்காரன் இன்னும் குடை கொடுக்கத் தொடங்கவில்லை.