கம்ப்ரஸர் மாற்றும் உரிமையும் கடமையும்

சித்திரை பிறப்பதற்கு முன்னரே வெயில் தன் உக்கிரத்தைக் காட்டத் தொடங்கிவிடும் நம் ஊர்களில், காரின் ஏசி நின்றுபோவதை வெறும் வசதிக் குறைவு என்று இனி ஒதுக்கிவிட முடியாது. உச்சிவேளையில் கைக்குழந்தையையோ, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் முதியவரையோ ஏற்றிச் செல்லவேண்டிய குடும்பத்துக்கும், காலை முதல் இரவு வரை வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் டிரைவருக்கும் அது அவசியத் தேவையாகவே ஆகிவிட்டது. அந்த ஏசியின் கம்ப்ரஸர் பழுதாகும்போது சாமான்யக் கார்க்காரர் முன்னால் இரண்டு வழிகளே வைக்கப்படுகின்றன: கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் அவர்கள் சொல்லும் தொகையைக் கட்டுவது, அல்லது தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் கேஸ் அடித்துக்கொண்டு இன்னும் சில வாரங்களை ஓட்டுவது. விஷயத்தைக் கற்றறிந்து தம் கையாலேயே கம்ப்ரஸரை மாற்றிக்கொள்வது மூன்றாவது வழி. அவ்வழி நியாயமானது, சமூகம் ஆதரிக்கத் தக்கது என்பதும், ஆனால் அந்தக் காரியத்தில் ஒரு பகுதி மட்டும் தனிமனிதருக்கு உரியதன்று என்பதும் என் அபிப்பிராயம்.

கம்ப்ரஸர் மாற்றுவது ரகசிய வித்தை அன்று; பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்த எவருக்கும் அதன் தத்துவம் விளங்கும். திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அந்த ஆவியை அழுத்திக் குளிரச் செய்தால் மறுபடியும் திரவமாகிறது. சாதாரண வளியழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஆர்-134ஏ என்ற வாயுவைக் கொண்டு இவ்விரு மாறுதல்களையும் இடைவிடாது நிகழ்த்துவதே காரின் ஏசி. டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள கூலிங் காயிலில் வெப்பத்தை வாங்கி ஆவியானதை இழுத்து, அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள கண்டென்சருக்கு அனுப்புவது கம்ப்ரஸரின் வேலை. மூன்று நான்கு போல்ட்டுகளும், இரண்டு குழாய்களும், ஒரு பெல்ட்டும், ஒரு மின் இணைப்புமே அதைக் காரோடு பிணைத்திருப்பதால், கழற்றி மாட்டுவது பொறுமையும் நல்ல ஸ்பேனர் செட்டும் உள்ள எவருக்கும் கைகூடும். உண்மையான கஷ்டம், கழற்றுவதற்கு முன்னும் மாட்டியதற்குப் பின்னும் இருக்கிறது.

பழுது கம்ப்ரஸரில்தானா என்று நிச்சயிப்பது முதல் காரியம். குளிர்ச்சி இல்லை என்றவுடன் கம்ப்ரஸரின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வாயு எங்கோ கசிந்து குறைந்துபோனால், பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரைக் காப்பாற்றும் பொருட்டே அதை ஓடவிடாமல் தடுத்துவிடும் என்பதையும், ஃபியூஸோ ரிலேயோ போயிருந்தாலும் அதே லட்சணந்தான் தோன்றும் என்பதையும் அறிந்தவர் அவசரப்பட்டுப் புதியது வாங்க மாட்டார். கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைத்து ஓடவிடும் மேக்னட் கிளச்சின் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்ப்பதும், கரகரவென்ற சத்தம் உள்ளிருந்து வருகிறதா, வெளியே சுழலும் புல்லியின் பேரிங்கிலிருந்து வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதும் பெரிய தொகையை மிச்சப்படுத்தும் பரீட்சைகள். பேரிங்கோ கிளச்சோ மட்டும் கெட்டிருந்தால், பல மாடல்களில் அவற்றைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

பழுது கம்ப்ரஸரில்தான் என்று உறுதியானாலும், அது ஏன் பழுதாயிற்று என்ற கேள்விக்கு விடை காணாமல் புதியதை மாட்டுவது வீண் செலவு. கழற்றிய பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து, அதிலுள்ள ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடியவிட்டுப் பார்க்கவேண்டும். அந்த ஆயில் தெளிவாக இருந்தால் பழுது அந்த ஒரு பாகத்தோடு நின்றிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கறுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளிப் பொடி தூவியது போல மினுமினுக்குமானால், உள்ளே தேய்ந்த உலோகத்தின் துகள் வாயுவோடு சேர்ந்து குழாய்களெங்கும் பிரயாணம் செய்துவிட்டது என்று அர்த்தம். அத்துகள் கண்டென்சரின் மயிரிழை போன்ற துவாரங்களில் தங்கிவிடும். இக்காலத்துக் கண்டென்சர்களை எந்தத் திரவம் விட்டுக் கழுவினாலும் முழுமையாகச் சுத்தம் செய்ய இயலாது. ஆகவே கண்டென்சரையும், எக்ஸ்பான்ஷன் வால்வையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் சேர்த்தே மாற்றவேண்டும். இந்தச் செலவுக்குத் தயங்கிப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் கிடைத்த கம்ப்ரஸரை மட்டும் மாட்டியவர்கள், அது ஒரு கோடையைக் கூடத் தாண்டாதபோது, மாட்டிய கையைக் குறை கூறுகிறார்கள். குற்றமோ கிண்ணத்து ஆயிலைப் பாராமல் விட்டதில் இருக்கிறது.

ஆயில் விஷயத்தில் இன்னொரு ஜாக்கிரதையும் அவசியம். கம்ப்ரஸருக்கு உயவாக நிற்கும் பிஏஜி ஆயிலில் 46, 100, 150 என்று தரங்கள் உண்டு. எந்தக் காருக்கு எந்தத் தரம், எத்தனை மில்லிலிட்டர் என்பது தயாரிப்பாளர் விதித்த பிரமாணம். குறைந்தால் கம்ப்ரஸர் இறுகிப்போகும். மிகுந்தால் குளிர்ச்சி கெடும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் சுபாவமுடையதாகையால், டப்பாவையும் குழாய் வாய்களையும் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாகாது. ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டு, அதே ஆயிலில் ஒரு துளி தடவி, குழாயை நேராகப் பொருத்தி, கம்ப்ரஸரின் முகப்பைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகே பெல்ட்டை மாட்டவேண்டும். அழுத்தும் அறையில் தேங்கியிருக்கும் ஆயில் முதல் ஓட்டத்திலேயே உள்ளுறுப்புகளை முறித்துவிடாதிருக்க இது ஏற்ற உபாயம். இவையெல்லாம் சிரத்தையின் காரியங்கள்; தன் காரை நேசிக்கும் உரிமையாளர், நாளொன்றுக்குப் பல வண்டி பார்க்கும் தொழிலாளியைவிட இவற்றைப் பொறுமையாகச் செய்யவும் கூடும்.

இதுவரை சொன்னவை அனைத்தும் தனிமனிதரின் உரிமைக்கு உட்பட்டவை. குழாய்க்குள் அடைபட்டிருக்கும் வாயுவின் சங்கதி வேறு. ஆர்-134ஏ ஓசோன் படலத்தை அழிப்பதில்லை. அதனாலேயே 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஓசோனைக் கெடுத்த ஆர்-12க்குப் பதிலாக அது கார்களில் ஏறியது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதில் ஒரு கிலோ, கரியமில வாயுவில் ஏறத்தாழ 1,430 கிலோவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றுகிறது. ஏறக்குறைய அரைக் கிலோ வாயு கொண்ட ஒரு காரின் குழாயை ஸ்பேனரால் தளர்த்தி, அந்தச் சீறலை ஆகாயத்தில் விட்டுவிடும் ஒரு நிமிஷ வேலை, சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஒப்பான கேட்டைச் செய்துவிடுகிறது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை 2021இல் ஏற்றுக்கொண்ட நம் தேசம், இவ்வினத்து வாயுக்களின் உபயோகத்தை 2032இல் தொடங்கி 2047க்குள் 85 சதவிகிதம் குறைப்பதாக உலகத்துக்கு வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கைத் தெருவோரத்தில் சீறவிட்டுக்கொண்டே டில்லியில் காப்பாற்ற முடியாது.

ஆகவே, குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் வாயுவை மீட்கும் யந்திரத்தால் உறிஞ்சிச் சிலிண்டரில் சேமிப்பதும், வேலை முடிந்த பிறகு வேக்கம் பம்ப்பினால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, வெற்றிடம் நிலைத்து நிற்கிறதா என்று கேஜைப் பார்த்து, கசிவில்லை என்று தெளிந்த பின்பே தராசில் நிறுத்து வாயுவை நிரப்புவதும், அதற்குரிய உபகரணம் உள்ளவர் கையில் நடக்கவேண்டும். மலிவாகக் கிடைக்கும் அடையாளமற்ற டப்பாக்களை நம்புவதும் ஆபத்து. 2011இல் கலப்பட வாயு நிரப்பப்பட்ட குளிர்சாதனக் கண்டெய்னர்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரஸரோ நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடுவது. ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் படும் இடத்தில் பயிற்சியற்றவர் கை வைக்கவே கூடாது.

இந்தப் பிரிவினை தெளிவாகிவிட்டால், அதற்கு இசைய மற்றவர்களும் நடந்துகொள்ளவேண்டும் என்று கேட்கும் அதிகாரம் நமக்கு உண்டாகிறது. அசல் உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளியாருக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார்க் கம்பெனிகளுக்கு எதிராக உத்தரவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் மோட்டார் வாகனங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கொள்கை அளவில் கதவு திறந்தாகிவிட்டது. இனி, வாயுவின் எடையைப் பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் அச்சிடுவதோடு நில்லாமல், ஆயிலின் தரத்தையும் அளவையும், ஒவ்வொரு பாகத்தை மாற்றும்போது எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதையும் உரிமையாளரின் கையேட்டிலேயே தயாரிப்பாளர்கள் தமிழில் எழுதித் தரவேண்டும்.

ஒர்க்‌ஷாப்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று ஓர் ஆட்சேபம் எழலாம். அது ஆதாரமற்ற பயம். தாமே கம்ப்ரஸர் மாற்றுகிறவர் வாயுவை எடுக்க ஒருமுறையும் நிரப்ப ஒருமுறையும் அவர்களிடமே வரவேண்டியிருக்கிறது. இவ்விரு பணிகளையும், தம்மிடம் பாகம் வாங்காதவருக்கும் நியாயமான கட்டணத்தில் செய்து தருவது என்று அவர்கள் முன்வந்தால், மீட்கும் யந்திரத்துக்கு இட்ட முதலும் திரும்பும், ஆகாயமும் தப்பும். அமெரிக்காவில் வாயுவை வெளியே விடுவதைச் சட்டம் தடுத்திருக்கிறது; அதே சட்டம், வீட்டில் வேலை செய்வோர் வாங்கும் சிறு டப்பாக்கள் 2018 முதல் தாமே மூடிக்கொள்ளும் வால்வோடு தயாரிக்கப்படவேண்டும் என்றும் விதித்தது. உரிமையையும் கட்டுப்பாட்டையும் ஒருங்கே வைத்துச் சட்டம் செய்ய முடியும் என்பதற்கு அது போதிய சாட்சி.

நம் அரசாங்கம் செய்யத்தக்க காரியம் ஒன்று கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. மாவட்டந்தோறும் அரசு ஐடிஐக்கள் உள்ளன. அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு வாயு மீட்கும் யந்திரத்தை வைத்து, விடுமுறை நாட்களில் பொதுமக்களுக்குக் கட்டணத்தோடு திறந்துவிட்டு, கம்ப்ரஸர் மாற்ற விரும்புவோருக்கு ஒரு நாள் பயிற்சியும் அளித்தால், மாணவர்களுக்கு அது தொழிற்கல்வியாகும். கார்க்காரருக்குச் செலவு குறையும். தேசம் உலகத்துக்குக் கொடுத்த வாக்கும் மாவட்டத் தலைநகர் வரை வந்து சேரும். அடுத்த கோடைக்கு முன் ஒரு மாவட்டத்திலாவது இதைச் சோதனையாகத் தொடங்குவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. தொழிற்பயிற்சித் துறை மனம் வைத்தால் போதும்.