கூலி என்பது ஆளின் பெயரா?

ஆங்கில அகராதியில் குடியேறிய தமிழ்ச் சொற்களைப் பற்றி வகுப்பில் பேசினால் மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள். நம் கட்டுமரம் அங்கே ‘கேட்டமரான்’ ஆயிற்று. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகட்டானி’ என்னும் சூப் ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பும் பெருமிதமும் எழும். அதே வரிசையில் ‘கூலி’ என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும். தோட்டப்புறத்திலிருந்து வந்த பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பழைய தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய பனுவல் ஒன்றின் வரைவைக் கெடா மாநில ஆசிரியர்கள் சிலரோடு அமர்ந்து சரிபார்த்தோம். அதில் ‘கூலிகள்’ என்னும் சொல் மூன்று இடங்களில் வந்தது. பீடோங் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியர் ஒருவர், “இதை எடுத்துவிடுங்கள்” என்றார். “என் தாத்தாவைத் துரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தச் சொல்லைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அதை நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டுமா?” என்று கேட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு தேநீர் இடைவேளையில் அதே ஆசிரியர் கைப்பேசியில் யாரிடமோ, “கூரை மாற்ற வந்தவருக்கு இன்னும் கூலி கொடுக்கவில்லை, மறந்துவிடாதே” என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய கோபம் நியாயமானது. அவர் சொன்ன தீர்வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை அன்று எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை. அவர் வாயிலிருந்து வந்த இரண்டு ‘கூலி’யும் ஒரே சொல்தானா என்னும் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். அது ஆளைக் குறிப்பதில்லை. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். வண்டிக்கூலி, தையற்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்பவை எல்லாம் பணத்தையே குறிக்கின்றன. நகைக்கடையில் தாலிக்கொடி வாங்கும்போது ‘செய்கூலி எவ்வளவு?’ என்று கேட்கிறோம். அதில் எந்தத் தாழ்வும் இல்லை. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், இச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஊழ் கைவிட்டாலும் முயற்சி கைவிடாது. உடல் வருந்தி உழைத்த அளவுக்குப் பலன் தரும் என்பது அக்குறளின் கருத்து. அந்தப் பலனுக்குத்தான் கூலி என்று பெயர்.

திருவிளையாடற் புராணத்தில் வரும் வந்தியின் கதையையும் நினைத்துப் பாருங்கள். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியனின் ஆணை. ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சிவபெருமானே கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் அவருக்குக் கூலி. கூலிக்கு மண் சுமப்பது இழிவு என்று எண்ணியிருந்தால் புலவர்கள் தங்கள் இறைவனை அந்த வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் இழிவு எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ‘கூலி’ என்றால் ஊதியம் என்னும் பொருளே கிடையாது. அங்கே அது ஓர் ஆள். அதுவும் ஆசியாவைச் சேர்ந்த, சுமை தூக்குகிற, பெயர் கேட்கத் தேவையில்லாத ஆள். இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக இச்சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. குஜராத்தில் வாழும் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரே இதற்கு மூலம் என்பது ஒரு சாரார் கருத்து. தமிழ்க் ‘கூலி’தான் மூலம் என்பது மற்றொரு சாரார் கருத்து. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட புகழ்பெற்ற ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இரண்டையுமே குறிப்பிடுகிறது. தமிழன் என்ற முறையில், ‘நம்முடைய சொல்தான்’ என்று அடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. மேற்குக் கரையில் ஓர் இனத்தின் பெயரும், தென்கரைத் துறைமுகங்களில் ஊதியத்தின் பெயரும் ஐரோப்பியர் காதில் ஒன்றாகக் கலந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த எச்சரிக்கை நம் மாநிலத்திலும் தேவைப்படுகிறது. ‘கூலிம்’ நகரத்துக்குக் கூலிகளால்தான் அப்பெயர் வந்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையன்று, ‘குலிம்’ என்னும் ஒருவகைக் காட்டு மரத்தின் பெயரே ஊருக்கு ஆயிற்று.

மூலம் எதுவாக இருந்தாலும், ஊதியத்தின் பெயர் அதைப் பெறுபவருக்கு ஆகிவருவதில் தவறில்லை. இலக்கணத்தில் இதைத்தான் ஆகுபெயர் என்கிறோம். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரிலுள்ள மக்கள் சிரித்தார்கள் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் ஊர் என்று சொன்னதால் மக்கள் மறைந்துபோவதில்லை. ‘கூலி’ என்னும் ஆகுபெயரிலோ மனிதர் மறைந்துபோனார். அவருக்குக் கொடுக்கும் காசின் பெயரே அவருடைய பெயராயிற்று.

அந்தப் பெயரோடு அச்சொல் உலகத்தையே சுற்றிவந்தது. சீன மொழியில் அதை எழுத ‘கசப்பு’, ‘வலிமை’ எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு பொருத்தமாக வேறு எந்த மொழியும் எழுதியதில்லை. கெடாவுக்கு எதிர்க்கரையில், சுமத்ராவின் டெலி வட்டாரத்தில், டச்சுக்காரர்கள் 1880இல் ‘கூலிச் சட்டம்’ என்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒப்பந்தத்தை மீறி ஓடிய தொழிலாளியைத் தண்டிக்க அது வழிசெய்தது. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளை அங்கிருந்த வெள்ளையர்கள் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். வழக்கறிஞரானாலும் வணிகரானாலும் அவர்களுக்கு இந்தியர் எல்லாரும் கூலிகளே. இந்தியரை அவர்கள் ‘சாமி’ என்றும் ஏளனமாக அழைத்தார்களாம். தமிழரின் பெயர்களில் வரும் ‘சாமி’தான் அது. சாமி என்றால் தலைவன் என்பது அழைத்தவர்களுக்குத் தெரியவில்லை என்று காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார்.

இனி நம் கெடாவுக்கு வருவோம். 1909இல் கெடா ஆங்கிலேயர் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தமுறையில் ஆள் எடுப்பது 1910இல் முடிவுக்கு வந்த பிறகு, கங்காணிமுறையே முதன்மை பெற்றது. நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் தங்கவைக்கப்பட்டுக் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டுத் தோட்டம் சேர்ந்தவர்கள் பலர். இந்திய அரசாங்கம் 1938இல் தடைவிதிக்கும்வரை இந்த வரவு நீடித்தது.

அந்தப் பயணத்தில் சொற்களும் கூடவே வந்தன. கண்காணிப்பவர் கண்காணி, அவர் பேச்சுவழக்கில் கங்காணி ஆகி, ஆங்கிலத்திலும் ‘கங்கானி’ என்றே ஏறினார். அவருடைய வேலை அவர் பெயரில் அப்படியே தங்கிவிட்டது. அவருக்குக் கீழே இருந்தவருக்கோ அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. தம் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கங்காணி தலைக்காசு பெற்றார். தலையாக எண்ணப்பட்டவர் ஆங்கிலக் கணக்கேட்டில் ‘கூலி’ என்று பதிவானார். அவர் குடியிருந்த வரிசை வீடுகளை ஆங்கிலத்தில் ‘கூலி லைன்ஸ்’ என்றார்கள். அந்த ‘லைன்’தான் நம் வாயில் ‘லயம்’ ஆயிற்று. இசை கற்கும் மாணவர் ஒருவர், “தாளத்தோடு வரும் லயமும் இதுவும் ஒன்றா ஐயா?” என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு வேறு. ஒன்று வடமொழி தந்தது. மற்றொன்று ஆங்கிலம் தந்தது.

1920களின் இறுதியில் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதுவும் உலகப் பொருளாதார மந்தத்தில் குறைக்கப்பட்டது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வாளியும் உளியுமாக நிரைக்குப் போனவர்கள் பெற்ற தொகை அது. தமிழில் இதற்குப் பெயர் கூலி. குறைவான கூலி, ஆயினும் உழைத்துப் பெற்ற கூலி. இதில் வெட்கப்பட வேண்டியவர், அவ்வளவு மட்டும் கொடுத்தவரே ஒழிய வாங்கியவர் அல்லர்.

அவர்கள் அந்தப் பெயரை வாய்மூடி ஏற்றுக்கொண்டதும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஊதிய உயர்வோடு வேறொரு கோரிக்கையையும் தொழிலாளர்கள் வைத்தனர். துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. 50 காசு, 60 காசு என்று கணக்குப் பார்க்கும் போராட்டத்தில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். கூலி உயர வேண்டும். தாங்கள் ‘கூலிகள்’ ஆகக்கூடாது. தமிழில் ஒரே சொல்லாக நிற்கும் இரண்டையும் அவர்கள் தெளிவாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார்கள்.

போருக்குப் பிறகு, நம் பீடோங் அருகேயுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. வாங்கிய கூலி கள்ளுக்கடைக்கே திரும்பிப் போவதைத் தடுப்பது அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று. 1947இல் அது காவல்துறையோடு மோதலில் முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் ஏளனமாக வழங்கிய ‘சாமி’ என்னும் பெயர், இங்கே ஒரு தலைவரின் பெயராகவே நின்றது தற்செயல்தான். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, ‘தொழிலாளர்’ என்னும் சொல் தோட்டத்தில் நிலைபெற்றது. அந்தச் சொல்லைக் கேட்டுப் பெற்றவர்கள் அவர்கள். ஆகவே, 1930ஆம் ஆண்டைப் பற்றிய பனுவலிலும் ‘கூலி’யை அழித்துவிட்டுத் ‘தொழிலாளர்’ என்று நாம் திருத்தினால், அவர்கள் போராடிப் பெற்றதைத் தொடக்கத்திலிருந்தே இருந்ததுபோல் காட்டிவிடுவோம்.

கடாரம் என்றால் நம் மாணவர்களின் கண்கள் விரிகின்றன. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்ததையும், பட்டினப்பாலையில் காழகம் என்று இந்நிலம் குறிக்கப்படுவதையும், பூஜாங் பள்ளத்தாக்கின் சான்றுகளையும் விரும்பிக் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் பெற்றோர் சிலர், “அதைச் சொல்லிக்கொடுங்கள், லயத்துக் கதை வேண்டாம்” என்கிறபோது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சோழனின் கப்பலில் நம் முன்னோர் வந்தனரா என்று எவராலும் சொல்ல முடியாது. ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. ஆங்கிலேயர் போய்விட்டனர்; அவர்கள் மாற்றிய பொருள் போகவில்லை. மலாய்மொழியிலும் ‘கூலி’ ஆளையே குறிக்கிறது. நம் இளைஞர்களும் வீட்டில் ஒரு வேலை சொன்னால், “நான் என்ன உங்கள் கூலியா?” என்கிறார்கள். இது ஆங்கிலத்திலும் மலாயிலும் சுற்றிவிட்டு வந்த ‘கூலி’. வள்ளுவர் சொன்ன கூலி அன்று. இதைவிட மோசமான ஒன்றைக் கூலிம் நகரத்துப் பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன். தொழிற்சாலைச் சீருடையோடு நின்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பார்த்துப் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு தமிழ்ப் பையன், “கூலிங்க” என்று தன் நண்பனிடம் சொல்லிச் சிரித்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டத்துக்கு வந்திறங்கினாரோ தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது. அவனிடமிருந்து அந்தச் சொல்லை மறைத்து வைத்ததன் விளைவு இது என்றே நான் நினைக்கிறேன். பாடத்தில் கேட்காததை அவன் தெருவில் கேட்டுக் கற்றுக்கொண்டான்.

அந்தப் பனுவலில் மூன்று இடங்களில் இருந்த சொல்லை இறுதியில் இரண்டாகக் குறைத்தோம். ஆசிரியர் நடையில் வந்த ‘கூலிகள்’ ‘தொழிலாளர்கள்’ ஆயிற்று. துரையின் பேச்சாக வந்ததும், பழைய பதிவேட்டில் இருந்ததும் அப்படியே நின்றன. அருஞ்சொற்பொருள் பகுதியில் என்ன எழுதுவது என்பதற்குத்தான் அரைமணி நேரம் பிடித்தது. பீடோங் ஆசிரியரே கடைசியில் எழுதித் தந்தார்: “கூலி – செய்த வேலைக்குரிய ஊதியம். ஆங்கிலேயர் ஆட்சியில், அவ்வூதியம் பெற்றவரை இழிவாகக் குறிக்கவும் வழங்கியது.” எழுதிய பிறகு, ‘ஊதியம்’ என்பதற்கு முன்னால் ‘நியாயமான’ என்று சேர்க்கலாமா என்று கேட்டார். அகராதிக்கு அது பொருந்தாது என்று நான்தான் மறுத்தேன்.