வங்கியில் விழாத பணமும் விற்பனைதான்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் ஷூ, பெல்ட், பர்ஸ் விற்கும் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சிய ஷூவை நெடுஞ்சாலையோரம் அடுக்கி விற்றவர்களில் சிலர் இப்போது சொந்த இணையதளமும் வைத்திருக்கிறார்கள். தோலைத் தொட்டதுமே தரம் சொல்கிற இவர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டிடம் மட்டும் ஏமாந்துபோகிறார்கள். "பேங்க்ல விழுந்ததுதாங்க நம்ம சேல்ஸ். விழாத காசுக்கு எதுக்கு வரி?" என்பார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் நஷ்டம் அவர்களுக்கே.

வரி உட்பட 2,400 ரூபாய்க்கு ஒரு ஜோடி விற்பதாக வையுங்கள். பேமென்ட் கேட்வே 2 சதவீதம் பிடித்தால் 48 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 8 ரூபாய் 64 காசு. கடைக்காரருக்கு வந்து சேர்வது 2,343 ரூபாய் 36 காசு. இதையே விற்பனை என்று எழுதினால் என்ன மிச்சமாகும்? 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரி. அதில் 2 ரூபாய் 70 காசு குறையும். சட்டப்படி தவறான இந்த 2 ரூபாய் 70 காசுக்காக, உள்ளீட்டு வரியாக நம் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வேண்டிய 8 ரூபாய் 64 காசைக் கோட்டை விடுகிறோம். 2,400-ஐயும் விற்பனையில் காட்டி, 48-ஐச் செலவில் எழுதி, 8.64-ஐ உள்ளீட்டு வரியில் வைப்பதுதான் முறை.

அந்த 8.64 கிடைக்கவும் ஒரு நிபந்தனை உண்டு. கேட்வேயில் பதிவு செய்தபோது பான் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணைச் சேர்க்காத கடைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு வரும் பில், உள்ளீட்டு வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் ஏறாது. வரியும் கைக்கு வராது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரியே கிடையாது. 56 ரூபாய் 64 காசும் செலவுதான்.

பெரிய ஆன்லைன் சந்தைகள் மூலம் விற்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். கமிஷன், கூரியர் கழிவோடு வருமான வரி டிடிஎஸ்ஸும் (2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம்), ஜிஎஸ்டி டிசிஎஸ்ஸும் (அதே ஆண்டு ஜூலையிலிருந்து 0.5 சதவீதம்) பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் "ஆன்லைன் சார்ஜ்" என்று ஒரே தலைப்பில் எழுதுவது பெரும் தவறு. பிடித்த வரி நம் பணம். கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதிகமிருந்தால் திரும்பக் கேட்கலாம். தவிர, பிடித்தத்தின் விவரம் கமிஷன் கழிக்காத விற்பனைத் தொகையை வைத்தே துறைக்குப் போகிறது. நாம் குறைத்து எழுதினால் நோட்டீஸ் வரும்.

நோட்டீஸ் என்றால் என்னவென்று நம் நெடுஞ்சாலையின் மறுமுனையான கர்நாடகத்தில் பார்த்தோம். 2025 ஜூலையில் அந்த மாநில வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது கடையடைப்பு வரை பேச்சு போனது. யுபிஐ-க்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் இல்லை என்பதால், பலர் அதைக் கணக்கில் வராத ரொக்கம்போல நினைத்திருந்தார்கள்.

வருமான வரியிலும் இதே குழப்பம். உத்தேச வருமானத் திட்டத்தில் டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டுபவர்கள், முழு விற்பனைக்குத்தான் 6 சதவீதம் போட வேண்டும். கேட்வே கட்டணத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்த விகிதத்துக்குள் அடங்கியதாகவே சட்டம் கொள்கிறது. "கார்டுன்னா 2 பர்சென்ட் கூட" என்று வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும்: அந்தக் கூடுதலும் பில்லில் ஏற வேண்டும், வரிக்கு உட்படும்.

சைஸ் சேரவில்லை என்று ஷூ திரும்பி வரும். வாடிக்கையாளருக்கு 2,400-ம் திருப்பித் தருகிறோம். கேட்வே பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. இதைத் தனியே எழுதாத கடைக்காரருக்கு, ஆன்லைன் விற்பனையில் மிஞ்சுவது எவ்வளவு என்றே தெரியாது.

இந்தக் கணக்குக் குழப்பத்தின் பழியைக் கடைக்காரர் தலையில் மட்டும் போடுவதை நான் ஏற்க மாட்டேன். கேட்வேயும் ஆன்லைன் சந்தையும் அனுப்பும் செட்டில்மென்ட் அறிக்கை ஆங்கிலத்தில், நெடுக நெடுக எக்ஸெல் கோப்பாக வருகிறது. தமிழ்நாட்டு வியாபாரியிடம் கட்டணம் வாங்கும் நிறுவனம் மாதாமாதம் தமிழில் ஒரு பக்கம் தரட்டும்: மொத்த விற்பனை, கட்டணம், அதன்மீதான ஜிஎஸ்டி, பிடித்த வரி, திரும்பிய சரக்கு, மார்ச் 31 அன்று விற்று ஏப்ரலில் வரவேண்டிய பாக்கி. வணிகர் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்க வேண்டும்.