பையன் எங்கே?

பள்ளிக்கூடம் இருக்கிறது. உபாத்தியாயர் இருக்கிறார். மத்தியானம் சோறும் முட்டையும் இருக்கின்றன. பையன் எங்கே?

தர்மபுரி ஜில்லா அரூர் தாலுகாவில் சித்தேரி மலை இருக்கிறது. அங்கே வாழ்பவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையில் வாழ்வதால் வந்த பெயர். பேசுவது நம் தமிழ்தான்.

மழையை நம்பிச் சாமையும் ராகியும் விதைக்கிறார்கள். அறுப்பு முடிந்தால் வேலை இல்லை. கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூர்ப் பக்கமும் மூட்டை கட்டுகிறார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் பிள்ளை ஊரில் தங்கும். பாட்டி இல்லாவிட்டால் அதுவும் கூடவே போகும்.

திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போய்விட்டது! பையன் பின்பெஞ்சில் உட்காருகிறான். ஒன்றும் புரியவில்லை. நாலு நாள் பார்க்கிறான். ஐந்தாம் நாள் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான்.

பெண் குழந்தையின் கதை வேறு. மேல் வகுப்புக்குத் தூரம் போகவேண்டும். வழியெல்லாம் காடு. "படித்தது போதும்" என்கிறார் அப்பா. பிறகு கல்யாணப் பேச்சு. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்று யார் அங்கே போய்ச் சொல்லுவது?

2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 100 பேரில் 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பழங்குடி மக்களில் 54 பேர்தான். ஜில்லாக்களில் கடைசியாக நின்றது தர்மபுரி!

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. இலவச சைக்கிளும் கொடுத்தார்கள். மலைப்பாதையில் அதை மிதிப்பது யார் என்பது வேறு விஷயம்.

பிள்ளையைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. நிறுத்தி வைப்பது பத்து வருஷ வேலை.

எந்த மாதத்தில் ஊர் காலியாகும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே வீடு வீடாகக் கேட்கவேண்டும். கிளம்பப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் ஒதுக்கவேண்டும். அந்த விடுதியில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், ராத்திரி கூடத் தங்கும் அம்மாள் ஒருவரும் இருக்கவேண்டும். இருந்தால்தான் தாய் நம்பி மகளை விட்டுப் போவாள். ஜாதிச் சான்றிதழுக்காகத் தகப்பன் கூலியை விட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறானே, அதைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்தால் என்ன?

இன்னொன்று. பள்ளி திறக்கும் வைகாசி மாதத்தில் எண்ணினால் எல்லாப் பெயரும் இருக்கும். தை மாதத்திலும் ஒரு முறை எண்ணட்டும். குறைகிற பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஆள் போகட்டும்.