அழிந்த முத்திரையும் அழியாத வரலாறும்

பழம்பொருளைப் புதுப்பித்தல் நற்பணியே. ஆனால், புதுப்பித்தல் என்னும் பெயரால் பொய்யைப் பொறிப்பது நற்பணியாகுமா?

ஜப்பானியரின் அரிசாகாத் துப்பாக்கியைச் சான்றாகக் கொள்க. 1905இல் உருவான 38ஆம் வகையிலும், 1939இல் உருவான 99ஆம் வகையிலும், குழலின் அடிப்புற எஃகில் 16 இதழ்களையுடைய செவ்வந்திப்பூ பொறிக்கப்பட்டது. அது பேரரசரின் சின்னம். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் அப்பூ தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. போர்க்களத்தில் கைப்பற்றப்பட்டவற்றிலோ பெரும்பாலும் அது சிதையாமல் இருந்தது. அமெரிக்க வீரர்கள் இருவகையையும் நினைவுப்பொருளாகத் தாயகம் கொண்டு சென்றனர்.

பூ அழியாத துப்பாக்கிக்குச் சேகரிப்போரிடையே விலை மிகுதி. ஆகவே, தேய்ந்த இடத்தில் புதிதாகப் பூச் செதுக்குவோரும் உளர். துருவை நீக்கட்டும், வெடித்த மரக்கட்டையை ஒட்டட்டும், உடைந்த சுருள்வில்லை மாற்றட்டும். அவை காக்கும் பணிகள். பூவை மீண்டும் செதுக்குவதோ, சரணடைந்த துப்பாக்கியைச் சரணடையாததாகக் காட்டும் பொய்ச்சான்று!

"பழைய அழகு திரும்புகிறதே" என்பர் சிலர். சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் சான்றோர் விடுபட்ட இடத்தில் புள்ளியிடுவரேயன்றித் தம் சொல்லை இட்டு நிரப்புவரோ?

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையேறிய ஜப்பானியப் படை ஏந்தி வந்தவையும் அரிசாகாத் துப்பாக்கிகளே. அப்படையின் ஆதிக்கம் 1945இல் முடிந்தது என்பதற்குத் தேய்ந்த அந்த எஃகே சாட்சி. சாட்சியின் வாயை அடைத்து மலர் சூட்டுவது அறமன்று. வடு வடுவாகவே இருக்கட்டும்!