அடைக்கோழி இல்லாமல் 21 நாள்

சென்ற இதழில் வீட்டு முட்டையின் அருமையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "பெட்டி வைத்து நாமே குஞ்சு பொரிக்கலாமா?" என்று கேட்டுச் சகோதரிகள் பலர் எழுதிவிட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "அக்கா, என் கோழி முட்டையிடுகிறது, ஆனால் அடை உட்கார மாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறாள். எல்லோருக்கும் சேர்த்து இந்த முறை பதில்.

முதலில் ஒரு கணக்கு. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் உட்காரும். அடை 21 நாள். அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதமாவது திரியும். அதுவரை முட்டை கிடையாது. முட்டையை நாம் பெட்டியில் வைத்துக்கொண்டால், தாய்க்கோழி சீக்கிரமே மறுபடியும் முட்டைக்கு வந்துவிடும். பெட்டியின் லாபம் இதுதான்.

இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. எகிப்து தேசத்தில் 2000 வருஷங்களுக்கும் மேலாக மண் அடுப்புக் கூடங்களில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்து வருகிறார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையைக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூடு போதுமா என்று சொல்லிவிடுவார்களாம்! நமக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

இங்கே கீழ்வேளூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவர் வயல் வேலைக்குப் போகிறவர். சம்பா அறுப்பு முடிந்தால் மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை கையில் காசு நடமாட்டம் குறைவு. அந்த நாட்களில் பள்ளிக்கூடச் செலவை முட்டைக் காசுதான் தாங்குகிறது. அவள் என்னிடம், "ஏன்க்கா, பெட்டிக்குள்ளே பல்பைப் போட்டா குஞ்சு வந்துடுமா?" என்று கேட்டாள். "பல்பு மட்டும் போதாதும்மா, நீயும் கூடவே அடை உட்காரணும்" என்றேன். சிரித்தாள். ஆனால் அது வாஸ்தவம்.

பெட்டி

கெட்டியான தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு இரண்டு, சூட்டுக்கு ஏற்ப பல்பை அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட், சின்ன விசிறி, ஒரு கிண்ணம் தண்ணீர், காற்றுக்கு நாலைந்து துளை. இவ்வளவுதான். இரண்டு பல்பு எதற்கென்றால், ஒன்று ராத்திரியில் பியூஸ் ஆனாலும் மற்றது காப்பாற்றும். பல்பு தெர்மாகோலில் படக்கூடாது, தீப்பிடிக்கும். கம்பி இணைப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

விசிறி உள்ள பெட்டியில் 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102. முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள். கொஞ்சம் சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாகும். அதிகமானால் செத்தே போகும். அக்னி நட்சத்திர வெயிலில் பெட்டியை ஓட்டுக் கூரைக்கு அடியில் வைக்காமல், வீட்டில் குளிர்ச்சியான அறையில் வையுங்கள்.

முட்டை

எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால்தான் கரு கூடிய முட்டை கிடைக்கும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத, விரிசலில்லாத, நடுத்தர அளவு முட்டையாக எடுங்கள். கழுவாதீர்கள், ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகும். குளிர்ப் பெட்டியில் வைக்காமல், அகன்ற முனை மேலே இருக்கும்படி நிழலில் சேர்த்து வையுங்கள்.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போடுங்கள். தினம் மூன்று அல்லது ஐந்து தடவை புரட்ட வேண்டும். ஒற்றைப்படை எதற்கு? ராத்திரி நீண்ட நேரம் ஒரே பக்கமாகக் கிடக்கிற முட்டை, மறுநாள் ராத்திரி அடுத்த பக்கமாகக் கிடக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். 18-ம் நாள் புரட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

ஈரப்பதம் முதல் 18 நாள் 55 முதல் 60 சதவீதம். கடைசி மூன்று நாள் 65-க்குக் குறையக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் டெல்டாக் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது ஈரமானியைப் பார்த்துத் தண்ணீரைக் குறையுங்கள்.

7-ம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. கண்ணாடியாகத் தெரிந்தால் கரு இல்லை. ரத்த வளையம் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. அவற்றை எடுத்துத் தென்னை மரத்தடியில் புதைத்துவிடுங்கள். சமையலுக்கு வேண்டாம்.

கரண்ட் போனால்

டெல்டாக்காரர்களுக்கு இதுதான் பெரிய கவலை. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன! அப்படிப்பட்ட காலத்தில் பெட்டி கைகொடுக்காது. புயல் மாதங்களில் முட்டை வைக்காமலிருப்பது புத்திசாலித்தனம். சாதாரண மின்தடைக்கு வழி இருக்கிறது.

தெருக்கோடிப் பெண் 24 முட்டை வைத்தாள். 16-ம் நாள் ராத்திரி மின்சாரம் போயிற்று. வர ஐந்து மணி நேரமாயிற்று. அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டு, சாக்கும் கம்பளியுமாகப் போர்த்தினாள். வெந்நீர் நிரப்பிய பித்தளைச் சொம்புகளைத் துணியில் சுற்றிப் பெட்டியின் இரு பக்கமும் அணைத்து வைத்து, ஆற ஆற மாற்றினாள். பிள்ளைகள் தூங்க, அவள் மட்டும் அடுப்பங்கரைக்கும் பெட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். காலையில் என்னிடம், "எல்லாம் போயிடுச்சோ என்னமோக்கா" என்றாள். 7-ம் நாள் பார்வையில் தேறியவை 19. பொரித்தவை 14. முதல் தடவைக்கு நல்ல விளைச்சல்தான். நூற்றுக்கு நூறு அடைக்கோழிக்கே கிடைக்காது.

பொரிக்கும் நாள்

ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். ஆசையில் ஓட்டை உரித்துவிடாதீர்கள். ரத்தம் கசிந்து செத்துப்போகும். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கூடாது. ஈரம் போய்ச் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். குஞ்சு வயிற்றில் மஞ்சள்கருவின் மிச்சம் இருப்பதால் முதல் நாள் பசி தாங்கும். உடம்பு உலர்ந்து பொசுபொசுவென்று ஆன பிறகு எடுங்கள்.

குஞ்சு வளர்ப்பு

அட்டையை மூலை இல்லாமல் வட்டமாகக் கட்டி, இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாள் மேலே முரட்டுத் தாள் போடுங்கள். வழுவழுத் தாளில் கால் வழுக்கி விரிந்துபோகும். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் பல்பு தொங்கவிடுங்கள். முதல் வாரம் 95 டிகிரி, பிறகு வாரம் 5 டிகிரி குறையலாம். குஞ்சே சொல்லும்: பல்படியில் முண்டியடித்தால் குளிர்கிறது; ஒதுங்கி ஓடினால் சூடு அதிகம்.

கொதித்து ஆறிய தண்ணீரில் துளி வெல்லம் கரைத்து, அலகை நனைத்துக் குடிக்கப் பழக்குங்கள். நம் பக்கம் நொய்யரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நொய் மட்டும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு பிடிக்காது. முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம் கட்டாயம்; கரையானும் அசோலாவும் கூடக் கொடுக்கலாம்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி. மருந்தில்லை, தடுப்பு மட்டுமே உண்டு. ஒரு வாரத்துக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காவது வாரம் மறுபடியும், எட்டாவது வாரம் ஊசி. மருந்தைக் கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியோ நூறு குஞ்சுக்குக் காணும். ஆகவே தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் கால்நடை மருத்துவமனைக்குப் போய் வாருங்கள். சந்தேகம் கேட்க சிக்கல் வேளாண் அறிவியல் நிலையமும் பக்கத்தில்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

பஞ்சுக் குஞ்சைப் பார்த்தால் குழந்தைக்கு முத்தமிடத் தோன்றும். வேண்டாம். நன்றாக இருக்கிற குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம்; ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோறு. குஞ்சுக் கூண்டுக்குச் சமையலறையில் இடமே கூடாது.

தெருக்கோடி வீட்டில் 14-ல் ஒன்றைக் காக்கை தூக்கிற்று, ஒன்று தானாக இறந்தது. மீதி பன்னிரண்டும் இன்று கொல்லையில் கிளறுகின்றன. ஏழு பெட்டை, ஐந்து சேவல். பெட்டைகளை விற்பதாக இல்லையாம். "ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறக்கறப்போ முட்டையா வந்துடும்க்கா" என்கிறாள்.

காக்கை, கீரி, பருந்திடமிருந்து குஞ்சுகளைக் காக்கும் கூண்டு அமைப்பது பற்றி அடுத்த இதழில் சொல்கிறேன்.