பிறந்தநாள் கொடைக்குப் பதாகை எதற்கு?

மலையகப் பாடசாலைகளில் நடக்கும் ஒரு வைபவம் இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. கனடாவிலோ லண்டனிலோ கொழும்பிலோ உள்ள ஒரு குடும்பம், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருவோரிடம் அன்பளிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் கொப்பி, பை, சப்பாத்து வாங்கித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறது. நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் இது புதிதல்ல. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் வசதியாக வாழ்வோரும் இதைப் பின்பற்றலாம். நல்ல வழக்கம், பெருக வேண்டிய வழக்கம். ஆனால் கொடுக்கும் விதம் மாறியாக வேண்டும்.

பிறந்தநாள் மேசையில் குவியும் பொதிகளைப் பிரித்துப் பாருங்கள். ஒரே மாதிரித் தண்ணீர்ப் போத்தல்கள், சாப்பாட்டுப் பெட்டிகள், பற்றரி தீர்ந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும் கார்கள். கொடுத்தவருக்கு அது சம்பிரதாயம். வாங்கிய வீட்டுக்கோ அதே பெறுமதியில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். பிள்ளைக்கு மிஞ்சுவது பொதி பிரிக்கும் நேரத்துச் சந்தோஷம் மட்டுமே.

மலைக்கு மேலே கணக்கு வேறு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எவ்வளவு உயர்த்தினாலும், கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிற நாளில் அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வராது. அரசாங்கம் 1980 முதல் பாடநூல்களையும் 1993 முதல் சீருடைத் துணியையும் இலவசமாகக் கொடுத்து வருகிறது. கொப்பி, பேனை, புத்தகப்பை, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் என்று மற்றச் செலவில் பெரும்பகுதி பெற்றோர் தலையில்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அப்போது ஏறிய கொப்பி விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே கொடை தேவைதான், அதில் விவாதமில்லை.

அது பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும் காட்சிதான் உறுத்துகிறது. பாடசாலை மண்டபத்தில் பதாகை கட்டப்படுகிறது. அதில் முடி சூடிய பிறந்தநாள் பிள்ளையின் பெரிய படம். காலைக்கூட்டம் முடிந்தும் வகுப்புக்குப் போகாமல் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பொதியின் ஒரு முனையைப் பிள்ளை பிடிக்க, மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு விருந்தினர் கமராவைப் பார்க்கிறார். படம் சரிவராவிட்டால் அதே பிள்ளை மறுபடியும் வாங்க வேண்டும். அன்று மாலையே பாடசாலையின் பெயர், தோட்டத்தின் பெயர், “வறிய மாணவர்” என்ற அடைமொழி எல்லாவற்றோடும் படம் முகநூலில் ஏறிவிடுகிறது. கொப்பி ஒரு தவணையில் தீர்ந்துவிடும். படம் தீராது. நாளை அந்தப் பிள்ளை ஆசிரியராகவோ தாதியாகவோ பதவியேற்கும் போதும் அது இணையத்தில் கிடக்கும். ஒரு பிள்ளையின் கொண்டாட்டத்துக்கு இன்னொரு பிள்ளையின் வறுமையைக் காட்சிப்பொருளாக்க யாருக்கும் உரிமையில்லை.

வேறு வழிகள் இருக்கின்றன. குஜராத்தில் ‘திதி போஜன்’ என்ற ஏற்பாட்டின்படி, பிறந்தநாள், திருமண நாள் போன்ற நாட்களில் ஊரார் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விருந்தளிக்கிறார்கள். 2021இல் இந்திய மத்திய அரசும் தனது மதிய உணவுத் திட்டத்தில் இதை ஊக்குவித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதால் யார் ஏழை என்று பொறுக்கியெடுக்கும் தேவை அங்கே எழுவதில்லை. நமது நாட்டிலும் முதியோர் இல்லங்களில் ஒரு நாள் உணவைப் பொறுப்பேற்கும் வழக்கம் உண்டு. இரண்டிலும் கொடை பொது இடத்துக்குப் போகிறது.

தோட்டப் பாடசாலைக்கும் இதே வழி பொருந்தும். முதலில் அதிபரிடம் கேளுங்கள். அளவு தெரியாமல் மொத்தமாக வாங்கிவரும் சப்பாத்து சிலருக்குக் கடிக்கும், சிலருக்குக் கழன்று விழும். எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். பொருளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தேவைப்படும் பிள்ளைக்கு ஆசிரியர் சத்தமில்லாமல் கொடுப்பார். நூலகத்துக்குச் சிறுவர் நூல்கள், தோட்டத்துச் சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு விளையாட்டுப் பொருட்கள் என்று எல்லோருக்கும் பொதுவானவற்றையும் கொடுக்கலாம்.

பிறந்தநாளுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. நிறுவனங்களும் சங்கங்களும் புதிய வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான் வரிந்துகட்டிக்கொண்டு வருகின்றன. மூன்றாம் தவணையில் கொப்பி தீர்ந்து, பழைய கொப்பியின் எஞ்சிய தாள்களைத் தைத்துக்கொண்டு வரும் பிள்ளையை அப்போது யாரும் நினைப்பதில்லை. பிறந்தநாள்களோ வருடம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அவற்றைத் தவணைவாரியாகப் பிரித்துக்கொண்டால் அந்த வெற்றிடம் நிரம்பும்.

ஆறு வயதுப் பிள்ளையின் பரிசைப் பறிப்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். பறிக்க வேண்டியதில்லை. அம்மா அப்பா வாங்கித் தரும் பொம்மையும் தாத்தா பாட்டி கொடுக்கும் உடுப்பும் அப்படியே இருக்கட்டும். விருந்தினரின் பொதிகளை மட்டும் மாற்றினால் போதும். நூலகத்துக்கான நூலை அந்தப் பிள்ளையே கடையில் நின்று தெரிந்தெடுக்கட்டும். கேட்காமல் பெற்றோர் எடுத்துக் கொடுக்கும் கொடையில் பிள்ளை கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

தனியார் கொடை அரசின் பொறுப்பையும் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பையும் மறைக்கும் திரையாகிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆசிரியர் வெற்றிடம், ஒழுகும் கூரை, மலசலகூடம், பாதை ஆகியவற்றைப் பிறந்தநாள் பணத்தால் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. அவற்றைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. மாகாணக் கல்வித் திணைக்களம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொருள் பெறும் மாணவரின் முகத்தைப் படமெடுத்து வெளியிடக்கூடாது என்று அதிபர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். பத்திரிகைகளும் அத்தகைய படங்களைப் பிரசுரிப்பதைக் கைவிட வேண்டும்.

லயத்தில் பிறந்து, படித்து, இன்று நகரத்தில் வீடு கட்டியிருப்போர் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். வரிசையில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றத்தை அவர்களே தொடங்கட்டும். உங்கள் பிள்ளையின் அடுத்த பிறந்தநாளுக்கு அன்பளிப்பு வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். சேரும் பணத்தைப் பாடசாலைக்குக் கொடுங்கள். பதாகை அடிக்க ஒதுக்கிய காசுக்கும் கொப்பியே வாங்குங்கள்.